மாலை ஆறு மணிக்குப் பிறகு நடிகர்

1930ஆம் ஆண்டு. கீழை நாடுகளைச் சுற்றிக்கொண்டிருந்த ஆங்கில நாடகாசிரியர் நோயல் கவர்ட், கூட வந்த நண்பருக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் சிங்கப்பூரில் தங்கினார். அதே சமயம் 'தி குவைன்ட்ஸ்' என்ற பிரிட்டிஷ் நாடகக் குழு ஊர் ஊராக நடித்தபடி இங்கே வந்து சேர்ந்திருந்தது. அவர்கள் கையில் இருந்த நாடகங்களில் ஒன்று முதல் உலகப் போரின் பதுங்குகுழியில் நடக்கும் 'ஜர்னீஸ் எண்ட்'. கவர்ட் அதில் ஸ்டான்ஹோப் என்ற முக்கிய வேடத்தை ஏற்று விக்டோரியா அரங்கில் நடித்துக் கொடுத்தார். அவருடன் மேடையில் நின்ற இளைஞனுக்கு அப்போது வயது 22. பெயர் ஜான் மில்ஸ்.

மில்ஸ் அடுத்த ஆண்டே லண்டனில் கவர்டின் 'கவல்கேட்' நாடகத்தில் நடித்தார். 1942இல் கவர்டின் போர்த் திரைப்படம், 1946இல் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்', 'ரயன்ஸ் டாட்டர்' படத்துக்காக ஆஸ்கார், 1976இல் சர் பட்டம் என்று வளர்ந்து 2005இல் 97 வயதில் இறந்தார். நடிக்க வருமுன் இப்ஸ்விச் நகரில் ஒரு தானிய வணிகரிடம் எழுத்தராக இருந்தார் என்பது வரை நமக்குத் தெரியும். அவரே சுயசரிதை எழுதினார். பிறரும் அவரைப் பற்றி எழுதினார்கள். ஒரு நடிகனின் வாழ்வை ஒரு சமூகம் தன் சொத்தாகக் கருதினால் இப்படித்தான் அது முதலிலிருந்து முடிவுவரை பதிவாகி நிற்கும்.

விக்டோரியா அரங்கிலிருந்து சிராங்கூன் சாலைக்கு நடந்தே போய்விடலாம். அதே காலத்தில் அந்தச் சாலையிலும் துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளிலும் தமிழ் நாடகம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆர்மோனியத்தோடும் திரைச்சீலை மூட்டைகளோடும் தமிழ்நாட்டிலிருந்து குழுக்கள் கப்பலேறி வந்தன. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் எல்லாம் வந்தார்கள். அவர்களைப் பார்த்து இங்கே இருந்தவர்களும் அரிதாரம் பூசினார்கள். மாட்டு வண்டிக்காரர், நகராட்சித் தொழிலாளி, கடைச் சிப்பந்தி, கணக்கர் என்று பகலில் வேறொருவராக இருந்தவர்கள் அவர்கள். 1930இல் இந்த ஊரில் அரிச்சந்திரனாகவோ கோவலனாகவோ நின்ற ஒரே ஒரு தமிழரின் பிறந்த ஊரையும் பிழைப்பையும் இறந்த தேதியையும் ஜான் மில்ஸுக்குச் சொல்வதுபோல் என்னால் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததற்கு அந்த வருத்தமே காரணம்.

சிங்கப்பூரில் தமிழ் நடிகர் என்பவர் யார், அவர் எதைக் கொண்டு வாழ்ந்தார், அவருடைய கலை வாழ்க்கை எங்கே தொடங்கி எங்கே நின்றது என்ற கேள்வியை ஒரு நூற்றாண்டு நீளத்துக்கு விரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் மறுபடி மறுபடி கண்ணில் படுகிறது. மில்ஸ் எழுத்தர் வேலையை விட்டுவிட்டு நடிகரானார். நம் நடிகர் வேலையை விடாமல் நடிகரானார். விடமுடியாததற்குத் திறமைக் குறைவைக் காரணம் சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் சொல்வது தவறு. காரணம் சந்தையில் இருக்கிறது. இன்னும் திருத்தமாகச் சொன்னால், கோடம்பாக்கத்தில் இருக்கிறது.

இதற்கு ஆகச் சிறந்த சான்று பாலஸ்டியர் வட்டாரத்து ஜாலான் அம்பாஸ். ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனத்தின் ஸ்டூடியோ அங்கேதான் இருந்தது. மலாய் சினிமாவின் பொற்காலம் என்று சொல்லப்படும் 1950களில் அந்த ஸ்டூடியோவின் இயக்குநர்களில் பலர் இந்தியர்கள். பி.எஸ். ராஜன்ஸ், எஸ். ராமநாதன், பணி மஜும்தார் என்று பட்டியல் நீளும். எல். கிருஷ்ணன் என்ற தமிழர் 1950இல் எடுத்த 'பக்தி' படத்தில்தான் பி. ரம்லீ முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். மலாய் உலகம் இன்றும் கொண்டாடும் அந்தப் பெருங்கலைஞனைக் கதாநாயகனாக நிறுத்திப் பார்த்தது ஒரு தமிழ்க் கண். ஆனால் அதே ஸ்டூடியோவில், லிட்டில் இந்தியாவிலிருந்து கூப்பிடு தூரத்தில், தமிழ் நடிகர்களை வைத்துத் தமிழ்ப்படம் எடுக்கும் தொழில் வளரவில்லை. வளர வேண்டிய தேவையே எழவில்லை. படப்பெட்டிகள் சென்னையிலிருந்து வந்துகொண்டே இருந்தன. 1946இல் திறந்த மெக்கன்சி ரோடு ரெக்ஸ் திரையரங்கு 2009இல் இந்தியப் படங்களுக்கென்றே மறுபடி திறக்கப்பட்டது. அப்போதும் அங்கே ஓடியவை சென்னைப் படங்கள்தாம். தமிழ் பேசும் முகம் வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் குவிந்து கிடந்தது. உள்ளூர் முகத்துக்கு யார் காசு போடுவார்?

மலாய் நடிகருக்கு இங்கே ஜாலான் அம்பாஸ் இருந்தது. ஆங்கிலேய நடிகருக்கு லண்டன் இருந்தது. சிங்கப்பூர்த் தமிழ் நடிகருக்கு இருந்தது மாலை ஆறு மணிக்குப் பிறகு கிடைத்த நேரம்.

அந்த நேரத்தை வைத்துக்கொண்டு அவர்கள் செய்ததை எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். 1952இல் தமிழர் திருநாள் பிறந்தது. சீர்திருத்த உணர்வும் தமிழ் உணர்வும் சேர்ந்து கொதித்த அந்த ஆண்டுகளில் நாடகம் இல்லாத விழா அபூர்வம். மேடைக்கும் இடமிருந்தது: நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்கா 1923இலேயே கிச்சனர் ரோட்டருகே வந்துவிட்டது. இன்று அந்த இடத்தில் சிட்டி ஸ்குவேர் மால் நிற்கிறது. முஸ்தபா கடைக்குப் போகும் கூட்டம் அந்தப் பக்கம் கடக்கும்போது, தங்கள் தாத்தா காலத்து மேடைகளும் சண்டைக் களங்களும் அங்கே இருந்தன என்று அறிந்து கடப்பவர்கள் எத்தனை பேரோ!

1955இல் தோன்றிய ரவீந்திரன் நாடகக் குழு இன்றும் இயங்குகிறது. இந்த ஒரு வாக்கியத்தின் கனத்தை நாம் போதிய அளவு உணர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சிங்கப்பூர் தனிநாடாவதற்குப் பத்தாண்டு முன்பே தொடங்கிய குழு அது. அதை வளர்த்தெடுத்த எஸ். வரதனுக்கு 1984இல் நாடகத்துக்கான கலாசாரப் பதக்கம் கிடைத்தது. சம்பளம் கொடுக்காத ஒரு நிறுவனம் எழுபது ஆண்டுகள் உயிரோடிருப்பது எப்படி? நடிகர் தலைமுறைகள் மாறி மாறி வந்து தோள் கொடுப்பதால்தான். அண்ணன் நடித்ததைப் பார்த்துத் தம்பி வருவான். கணவர் ஒளியமைப்பு பார்க்க, மனைவி உடை தைப்பார். சமூக மன்றத்தில் அறை கிடைக்காத நாட்களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒத்திகை நடக்கும். அக்கம்பக்கத்துச் சீனக் கிழவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். பிரிட்டனில் ஒரு நடிகர் சிறு நகரங்களின் ரெப்பர்ட்டரி அரங்குகளில் வாரம் ஒரு நாடகம் என்று நடித்துப் பாடம் கற்ற காலம் உண்டு. நம்மவருக்கு அந்தப் பள்ளிக்கூடம் இந்தக் கீழ்த்தளம்தான்.

வானொலிக்கு வருகிறேன். இந்தக் கதையில் என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி இது. மேடைக்கு ஆண்டுக்கு ஓரிரு வாய்ப்பு என்றால், வானொலிக்கு வாரா வாரம் நாடகம் வேண்டியிருந்தது. 1969இல் ஒலிபரப்பான 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' தொடர் அந்த யுகத்தின் உச்சங்களில் ஒன்று. எழுதியவர் புதுமைதாசன் என்ற புனைபெயர் கொண்ட பி. கிருஷ்ணன். 2008இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். கம்பத்து வீடுகளிலிருந்தும் கடைவீட்டு அறைகளிலிருந்தும் மக்கள் அடுக்குமாடிகளுக்கு மாறிக்கொண்டிருந்த வேளை அது. மின்தூக்கி, பொது நடைவழி, வேற்று இனத்து அண்டைவீட்டார் எல்லாமே புதிது. அந்தத் தடுமாற்றத்தை அண்ணாசாமி என்ற ஒரு மனிதரின் வீட்டுக்குள் வைத்துச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன தொடர் அது. சென்னையால் எழுதித் தரமுடியாத கதை. இங்கே வாழ்ந்தவர் எழுதி, இங்கே வாழ்ந்தவர்கள் பேசி, இங்கே வாழ்ந்தவர்கள் கேட்டது. கோடம்பாக்கத்தின் நிழல் விழாத ஒரே இடம் வானொலி என்று நான் சொல்வேன்.

ஆனால் வானொலி நடிகருக்கு ஒரு துயரம் உண்டு. அவருக்கு முகம் கிடையாது. குரலைக் கேட்டு ஊரே சிரித்திருக்கும். மறுநாள் பேருந்தில் பக்கத்தில் நின்றால் யாருக்கும் தெரியாது. அந்தக் குரல்காரர்களில் பலர் பகலில் ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள். பெயர் வாசிக்கும் நேரத்தில் ஒருமுறை காற்றில் வந்து போனதோடு சரி. வயதானவர்களிடம் கேட்டால் "அந்த மாமியார் குரல் யாரு, அருமையா பேசுவாங்களே" என்பார்கள். பெயர் நினைவுக்கு வராது. குரல் மட்டும் ஐம்பது ஆண்டாக அவர்கள் காதில் இருக்கிறது.

தொலைக்காட்சி 1963இல் வந்தது. தமிழுக்கு வெகுகாலம் ஒண்டுக்குடித்தன வாழ்க்கைதான். வேற்று மொழி ஒளிவழியில் சில மணி நேரம். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் வசந்தம் சென்ட்ரல் தோன்றியது. 2008 அக்டோபரில் வசந்தம் தனி ஒளிவழியானது. அதற்குப் பிறகுதான் உள்ளூர்த் தமிழ் நாடகத் தொடர்கள் பெருகின. 2010இல் தொடங்கிய 'வேட்டை' போன்ற காவல்துறைத் தொடர்களின் முகங்களைத் தேக்கா சந்தையில் பிள்ளைகள் அடையாளம் கண்டு ஓடி வந்தார்கள். புரவலன், மதியழகன் போன்றோர் வீடுதோறும் அறிந்த பெயர்களானார்கள். முதன்முறையாக உள்ளூர்த் தமிழ் நடிகருக்கு ரசிகர் என்று ஒரு கூட்டம் உருவானது.

அப்போதும் கணக்கு ஒத்துவரவில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. 2010இல் அது 3.3 விழுக்காடாக இருந்தது. அந்த 2.5 விழுக்காட்டை ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே சென்னை ஒளிவழிகளும் வருகின்றன. கைப்பேசியில் எல்லாத் தமிழ்ப் படமும் வருகிறது. ஒரு நடுத்தர ஊரின் அளவுள்ள பார்வையாளரை வைத்துக்கொண்டு எத்தனை முழுநேர நடிகர்களைக் காப்பாற்ற முடியும்? சீன மொழி ஒளிவழியில் நடிகர்களை ஒப்பந்தத்தில் வைத்து மாதச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் உண்டு. தமிழில் பெரும்பாலும் நாடகத்துக்கு நாடகம், நாளுக்கு நாள் கூலி. அதனால் புகழ் பெற்ற பிறகும் பலர் இன்னொரு வேலையைக் கையில் வைத்திருக்கிறார்கள். நிகழ்ச்சி நெறியாளர், பள்ளிப் பயிலரங்கு ஆசிரியர், குரல் கலைஞர், தனியார் வாடகை வாகன ஓட்டுநர். இதில் எந்த வேலையையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஒரு நடிகரின் நாளில் நடிப்புக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதே என் கவலை.

பன்மொழி மேடை இன்னொரு வழி திறந்தது. 1988இல் கோ பாவ் குன் மேடையேற்றிய 'மாமா லுக்கிங் ஃபார் ஹெர் கேட்' சிங்கப்பூரின் முதல் பன்மொழி நாடகமாகக் கருதப்படுகிறது. பூனையைத் தேடும் சீனப் பாட்டி ஹொக்கியனில் பேசுவாள். தன் பூனையைத் தேடிவரும் தமிழ்க் கிழவர் தமிழில் பேசுவார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இருந்தும் இருவரும் பேசிக்கொண்டே போவார்கள். நாட்டின் ஆழமான நாடகக் கணங்களில் ஒன்று அது. அதன் பாதிப் பாரம் தமிழ் பேசும் நடிகரின் மேல் இருந்தது. பின்னாளில் கோ பாவ் குன்னும் டி. சசிதரனும் சேர்ந்து 2000இல் தொடங்கிய நடிப்புப் பயிற்சிப் பள்ளியில் கூடியாட்டமும் பாடமானது. சசிதரன் 2012இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். அந்தப் பள்ளியில் பயின்ற கிரேஸ் கலைச்செல்வி போன்றவர்கள் வாய்ப்பு வரும் என்று காத்திராமல், சிறுபான்மைக் கலைஞர்கள் தாங்களே நாடகம் எழுதும் குழுக்களை அமைக்கிறார்கள்.

அவர்கள் ஏன் அப்படிச் செய்யவேண்டியிருக்கிறது என்று காட்ட 2019இல் வந்த ஒரு விளம்பரம் போதும். மின்னியல் கட்டண முறைக்கான அந்த விளம்பரத்தில் சீன நடிகர் ஒருவரே நான்கு வேடம் போட்டார். அவற்றில் ஒன்றுக்கு முகத்தில் கருமை பூசி, முத்துசாமி என்று பெயரட்டை மாட்டினார்கள். பெரும் கண்டனம் எழுந்து விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. விவாதம் முழுதும் இனவுணர்வு பற்றியே நடந்தது; நடக்கவும் வேண்டியிருந்தது. ஆனால் எனக்கு முதலில் தோன்றியது, முத்துசாமியாக நடிக்க ஒரு முத்துசாமியைக் கூப்பிட்டிருந்தால் அந்த மாதம் அவர் வீட்டு வாடகைக்கு வழி பிறந்திருக்கும் என்பதுதான்.

தமிழ் மேடைக்கு உள்ளேயே துணிச்சலின் விலையைக் கொடுத்தவர்களும் உண்டு. இளங்கோவனின் 'அக்கினிக் கூத்து' குழு 1998இல் தமிழில் மேடையேற்றிய 'தலாக்' நாடகத்தை நர்கிஸ் பானு தனியொருத்தியாகத் தாங்கி நின்றார். ஆண்களே பெண்வேடம் கட்டிய மேடையிலிருந்து, ஒரு பெண் தனியாக நின்று மணவாழ்க்கைத் துன்பங்களைச் சொல்லும் மேடைக்கு வந்து சேர்ந்த தூரம் சிறியதல்ல. 2000இல் அதன் ஆங்கில, மலாய் வடிவங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. நாடகம் பற்றிய கட்டுரைகளில் தணிக்கை வருகிறது, ஆசிரியர் வருகிறார். உடம்பாலும் குரலாலும் அதை நிகழ்த்தியவர் பெரும்பாலும் ஒரு வரியோடு போய்விடுகிறார்.

திரைப்படத்தில் நடந்தது விசித்திரம். உள்ளூர்த் தமிழ்ச் சந்தை கொடுக்காத இடத்தை உலகம் கொடுத்தது. 2008இல் எரிக் கூவின் 'மை மேஜிக்' கான் விழாவின் முதன்மைப் போட்டிக்குத் தேர்வானது. சிங்கப்பூர்ப் படம் ஒன்று அந்தப் போட்டியில் நின்றது அதுவே முதல்முறை. அந்தப் படம் பேசிய மொழி பெரும்பாலும் தமிழ். கதாநாயகன் பாஸ்கோ பிரான்சிஸ் நிஜத்திலேயே மாயவித்தைக்காரர். குடித்துச் சீரழிந்த ஒரு தந்தை, மகனின் மனத்தை மீட்க மறந்துபோன வித்தையைத் திரும்ப எடுக்கும் கதை. 2016இல் கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்' கானின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. சிறையிலிருந்து வந்து மனைவியையும் மகளையும் தேடி அலையும் சிவா என்ற மனிதனாக சிவகுமார் பாலகிருஷ்ணன் நடித்தார். அதிகம் பேசாத வேடம். தோளும் கழுத்தும் பேசும் நடிப்பு. தாயாக வந்தவர் இந்தியாவின் சீமா பிஸ்வாஸ். அவருக்கு எதிரே நம் ஊர்க்காரர் ஒரு கணமும் சிறுத்துத் தெரியவில்லை. இந்த இரண்டு படங்களையும் பார்த்த சிங்கப்பூர்த் தமிழர் எத்தனை பேர் என்று என் வட்டத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். விரல்விட்டு எண்ணலாம். அதே வாரங்களில் வெளியான சென்னைப் படங்களின் வசனம் எல்லாருக்கும் தெரியும்.

சென்னைக்கே போய்ப் பார்த்தவர் ஆனந்த கண்ணன். 1973இல் சிங்கப்பூரில் பிறந்து, இங்கே தொலைக்காட்சியிலும் 'ஒலி' வானொலியிலும் பழகி, பிறகு தமிழ்நாடு போய் சன் மியூசிக்கின் பிரியமான தொகுப்பாளர் ஆனார். சன் டிவியின் 'சிந்துபாத்' தொடரில் அவர்தான் சிந்துபாத். அப்போது சிறுவர்களாக இருந்தவர்கள் இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் முகம் மலர்கிறார்கள். 2012இல் 'அதிசய உலகம்' படத்தில் நடித்தார். வழக்கமான கணக்கில் இதுதான் வெற்றி. எதிர்த்திசையில் கப்பலேறி, கோடம்பாக்கத்தின் மண்ணிலேயே இடம் பிடித்தாயிற்று.

அவர் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த அத்தியாயம். அவர் திரும்பி வந்தார். ஏகேடி என்று ஒரு நாடகக் குழுவை அமைத்தார். பறை, தெருக்கூத்து, பொம்மலாட்டம், கிராமத்து விளையாட்டு, பாட்டு இவற்றையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டுபோனார். மின்தூக்கியிலும் எம்ஆர்டியிலும் வளரும் பிள்ளைகள் வகுப்பறைத் தரையில் உட்கார்ந்து தமிழில் கத்தி விளையாடினார்கள். பாடப்புத்தகத்தில் மதிப்பெண்ணாக மட்டும் தெரிந்த மொழி, உடம்பில் ஏறும் மொழியாக அவர்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான். வீட்டில் தமிழ் பேசுவோர் விழுக்காடு இறங்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு நடிகர் தன் கலையைக் கொண்டு செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியத்தை அவர் கண்டுபிடித்தார் என்று நினைக்கிறேன். 2021 ஆகஸ்ட் 16ஆம் தேதி புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு 48 வயது. அன்று சென்னையிலும் சிங்கப்பூரிலும் ஒரே அளவில் துக்கம் இருந்தது. இரண்டு ஊருக்கும் சொந்தமானவர் என்று சொல்லத்தக்க சிங்கப்பூர் நடிகர்கள் வேறு அதிகம் இல்லை.

பதிவு விஷயத்தில் நிலைமை முழு இருட்டு என்று சொல்லமாட்டேன். தேசிய ஆவணக்காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் மூத்தவர்களின் குரலைப் பதிவு செய்துவருகிறது. அருண் மகிழ்நன் தலைமையிலான தன்னார்வலர்கள் தேசிய நூலக வாரியத்தோடு சேர்ந்து 2015இல் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்வடிவாக்கினார்கள். அடுத்து நாடகத்தைக் கையில் எடுத்தார்கள். வீட்டுப் பரண்களில் கிடந்த கையெழுத்துப் பிரதிகள், அழைப்பிதழ்கள், மங்கிய புகைப்படங்கள், நிகழ்ச்சி மலர்கள் எல்லாம் அதில் சேர்ந்தன. நான் அவ்வப்போது அந்தத் தொகுப்புக்குள் போய் உட்காருவதுண்டு. நாடகங்கள் கிடைக்கின்றன. நாடகங்களை நடத்தியவர்கள் அந்தப் பக்கங்களின் ஓரங்களில் பெயர்களாக நிற்கிறார்கள். அவர் எங்கே வேலை பார்த்தார், ஒத்திகைக்கு எந்தப் பேருந்தில் வந்தார், எத்தனை வேடம் போட்டார், ஏன் நிறுத்தினார் என்று கேட்க வேண்டிய கேள்விகள் அந்தப் பெயர்களுக்கு எதிரே காலியாக இருக்கின்றன. பதில் சொல்லக்கூடியவர்களில் சிலர் இன்னும் அங் மோ கியோவிலும் ஈசூனிலும் இருக்கிறார்கள். எண்பதைத் தாண்டியவர்கள்.

சென்ற ஆண்டு ஓர் ஒத்திகைக்குப் போயிருந்தேன். ஏழே கால் மணி. கதவைத் திறந்துகொண்டு ஒருவர் ஓடிவந்தார். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது. கையில் பாதி சாப்பிட்ட பரோட்டாப் பொட்டலம். "மன்னிச்சுக்கங்க அண்ணே, மீட்டிங் இழுத்துருச்சு" என்றார். அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு அறையின் நடுவில் போய் நின்று, மகனை இழந்த ஒரு கிழவனின் குரலில் முதல் வரியைத் தொடங்கினார். மூலையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்த பெண் தலைநிமிர்ந்தாள். நான் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, தேதி போட்டு, அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள இடைவேளைக்காகக் காத்திருந்தேன்.